பெட்டிக்குள் போன பாட்டு

1962-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ‘பைரேட்ஸ்’ என்ற குழுவின் பெயரில் ஓர் இசைத்தட்டு கடைக்கு வந்தது. பாட்டின் பெயர் ‘மைண்ட் ஓவர் மேட்டர்’. வெளியிட்டது மோட்டவுன் நிறுவனத்தின் கிளை லேபிள்களில் ஒன்றான மெல்-ஓ-டி. பைரேட்ஸ் என்று ஒரு குழுவே கிடையாது. அதே ஊரில் ஃபார்ச்சூன் என்ற போட்டி நிறுவனத்துக்காக நோலன் ஸ்ட்ராங்கும் அவருடைய டயப்ளோஸ் குழுவும் பாடிய அந்தப் பாட்டை உள்ளூர் மக்கள் விரும்பிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வரவேற்பில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நினைத்த மோட்டவுன் முதலாளி பெர்ரி கார்டி, தம்மிடம் ஒப்பந்தத்தில் இருந்த ஐந்து இளைஞர்களைப் பாடவைத்து, வேறு பெயர் ஒட்டி விற்பனைக்கு அனுப்பினார். தட்டு விலைபோகவில்லை. அந்த ஐந்து பேர்தான் டெம்ப்டேஷன்ஸ்.

அன்று யாரும் சீண்டாத அந்தத் தட்டை இன்று சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள். கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்தும் ரிதம் அண்ட் புளூஸிலிருந்தும் கிளைத்த சோல் இசையில், இவ்வளவு விடாப்பிடியாகத் தேடப்படும் குழுக்கள் சிலவே. ‘மை கேர்ள்’ பாடிய குழு என்றால் இந்த இசையைப் பழகாதவர்களுக்கும் தெரிந்துவிடும். அவர்களுடைய அரிய தட்டுகளையும், பாடிவிட்டு வெளியிடாமல் வைத்த நாடாக்களையும் அரை நூற்றாண்டாகத் தேடிவருகிறார்கள். ஒவ்வொன்றாக வெளியிட்டும் வருகிறார்கள். இந்தத் தேடல் எதற்கு? தேடியவர்களுக்கு உண்மையில் கிடைத்தது என்ன? பாடியவரே வெளியிடாத ஒன்றைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றைப் புதையல் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். பாடபேதம் என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது ஏராளம். ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களை ஏட்டுச்சுவடிப் படிகளைப் போல அருகருகே வைத்துக் கேட்கும்போது, எந்தக் குரல் தேர்வானது, எது பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பது காதிலேயே புலப்படுகிறது. டெம்ப்டேஷன்ஸ் கதையில் அப்படிப் பின்னுக்குப் போனவர்களில் முதன்மையானவர் பால் வில்லியம்ஸ். இந்தத் தேடல் அவருக்காகவே என்றுகூட எனக்குச் சில வேளை தோன்றும்.

பாட்டுகள் இவ்வளவு தேங்கியதற்குக் காரணம் மோட்டவுன் நடந்த விதம். கார்டி 1955 வாக்கில் டெட்ராய்ட்டின் லிங்கன்-மெர்குரி கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1959 ஜனவரியில் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார். மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648-ஆம் எண் வீட்டை வாங்கி, அதன் பின்கட்டை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். கார் தொழிற்சாலையில் வெறும் சட்டகமாக உள்ளே போவது முழு வண்டியாக வெளியே வருவதைப் பார்த்தவர், பாட்டையும் அப்படியே செய்யலாம் என்று நம்பினார். எழுதுபவர் ஒருவர், தயாரிப்பவர் ஒருவர், வாசிக்க ஃபங்க் பிரதர்ஸ் என்ற மாதச் சம்பளக் குழு, ஆட்டம் கற்றுக்கொடுக்க ஒருவர், மேடையில் நிற்கவும் நடக்கவும் சொல்லித்தர ஒருவர். கூடம் ஏறக்குறைய இரவு பகலாகத் திறந்திருந்தது.

வாத்தியங்களை முதலில் பதிந்துவிடுவார்கள். நம்மூர் சினிமாக்காரர்கள் ‘டிராக்’ என்று சொல்வதுதான். ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் கிட்டார் வாசித்த ஒரு டிராக் தயாரானதும் அதன் மேல் யார் பாடுவது என்பது பிறகுதான் முடிவாகும். இன்று ஒரு குழு பாடும், அடுத்த வாரம் இன்னொரு குழு. ஒரு தயாரிப்பாளர் தன் பாட்டை நான்கு பேரிடம் பாடவைத்துப் பார்ப்பார். பாட்டு அவர் பிள்ளை, பாடகர் யாராக இருந்தால் என்ன? ‘டூ பிஸி திங்க்கிங் அபௌட் மை பேபி’யை டெம்ப்டேஷன்ஸ் 1966-இலேயே ஓர் ஆல்பத்தில் பாடினார்கள், மூன்று ஆண்டு கழித்து மார்வின் கே பாடியபோதுதான் அது வெற்றிப் பாட்டாயிற்று. 1970-இல் ‘சைக்கெடெலிக் ஷாக்’ ஆல்பத்தில் அவர்கள் பாடிய ‘வார்’ என்ற போர் எதிர்ப்புப் பாட்டைத் தனித் தட்டாக வெளியிட நிறுவனம் தயங்கியது. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் அதை எட்வின் ஸ்டாரிடம் கொடுத்து மறுபடி பதிந்தார். உலகம் அறிந்தது ஸ்டாரின் குரலைத்தான்.

பதிவான பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்குப் போகும். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள், தாமதமாக வருபவருக்கு இடமில்லை. கையில் கடைசியாக ஒரு டாலர் இருக்கிறது, வயிறும் பசிக்கிறது, அந்தக் காசுக்கு இந்தத் தட்டை வாங்குவீர்களா சாண்ட்விச் வாங்குவீர்களா என்று கார்டி கேட்பாராம். பிறகு வாக்கெடுப்பு. தேறாத பாட்டின் நாடா பெட்டிக்குள் போய்விடும்.

அந்தக் கூட்டத்தின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருந்ததில்லை. சோல் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் சான்று ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’. 1966-இல் மிராக்கிள்ஸ் குழு பாடியது, கார்டி ஏற்கவில்லை. அடுத்து மார்வின் கே பாடியது, அதையும் ஏற்கவில்லை. கிளாடிஸ் நைட் குழு பாடியது 1967-இல் வந்து ஓடியது. மார்வின் வடிவத்தை 1968-இல் ஓர் ஆல்பத்தின் நடுவே சேர்த்தார்கள். வானொலிக்காரர்கள் அதைத் தேடியெடுத்துப் போட ஆரம்பித்த பிறகே தனித் தட்டாக வந்து ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. டெம்ப்டேஷன்ஸின் ‘எய்ன்ட் டூ ப்ரௌட் டு பெக்’கும் அந்தக் கூட்டத்தில் நிராகரிக்கப்பட்டதுதான். ஸ்மோக்கி ராபின்சன் தயாரித்த ‘கெட் ரெடி’ எதிர்பார்த்த இடத்தைப் பிடிக்காததால்தான் 1966-இல் விட்ஃபீல்டின் பாட்டுக்குக் கதவு திறந்தது. அதில் குழுவின் பாடகர் டேவிட் ரஃபின் தன் குரல் எட்டும் எல்லைக்கு மேலே போய்க் கத்துகிறார். நரம்பு புடைப்பது கேட்கும்.

இப்படிப்பட்ட கதைகளே தேடுபவர்களின் நம்பிக்கைக்கு உரம். ஒரு கிரேப்வைனைத் தவறவிட இருந்தவர்கள் இன்னும் பத்தைத் தவறவிட்டிருக்க மாட்டார்களா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடையை இப்போது நாம் காதாலேயே சரிபார்க்கலாம், ஏனென்றால் பெட்டிகளில் பெரும்பகுதி திறந்தாகிவிட்டது. பத்து கிரேப்வைன் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கைதேர்ந்த வேலை: நல்ல டிராக், நல்ல குரல், நெஞ்சில் தங்காத மெட்டு. தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் பெரும்பாலும் சரியாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பதை, அதன் மேல் வருத்தம் உள்ள நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தேடலில் கிடைத்ததுதான் என்ன?

டெம்ப்டேஷன்ஸின் வேர்களில் ஒன்று டிஸ்டன்ட்ஸ் என்ற குழு. ஓடிஸ் வில்லியம்ஸ், அடிக்குரல் மெல்வின் ஃப்ராங்க்ளின், எல்பிரிட்ஜ் பிரையன்ட் எல்லாரும் அதில் இருந்தார்கள். இசைத்தட்டு நிறுவனம் நடத்திய முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவரான ஜானி மே மேத்யூஸ், தம்முடைய நார்தர்ன் லேபிளில் அவர்களை ‘கம் ஆன்’ பாடவைத்தார். முதன்மைக் குரல் ரிச்சர்ட் ஸ்ட்ரீட் என்ற இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேர் பிரைம்ஸ் என்ற குழு: அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த எடி கென்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும். பிரைம்ஸின் தங்கைக் குழுவாகச் சேர்க்கப்பட்ட பிரைமெட்ஸ் பெண்களே பின்னாளில் சுப்ரீம்ஸ் ஆனார்கள். இரண்டு வேர்களும் 1961-இல் ஒன்றாகி மோட்டவுனில் சேர்ந்தன. முதல் தட்டுகள் மிராக்கிள் என்ற லேபிளில் வந்தன. அந்த லேபிள் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அதனால் அந்தத் தட்டுகளும் இன்று அரியவை.

1961 முதல் 1963 வரை வெளியான எதுவும் பெரிதாக ஓடவில்லை. வெற்றி காணாத டெம்ப்டேஷன்ஸ் என்று நிறுவனத்துக்குள்ளேயே கேலி செய்தார்கள். சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது இந்தக் காலத்தைத்தான். ஐந்து பேரும் தங்களுக்குரிய குரலை இன்னும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கென்ட்ரிக்ஸின் மெல்லிய மேல்குரல் ஒரு பாட்டில் முன்னே வரும், அடுத்ததில் பால் வில்லியம்ஸின் கனத்த, கொஞ்சம் கரடான குரல். 1963-இல் ராபின்சன் எழுதித் தயாரித்த ‘ஐ வான்ட் எ லவ் ஐ கேன் ஸீ’யில் பால் பாடுவதைக் கேட்டால், இவர்தான் குழுவின் தலைக்குரல் ஆகப்போகிறவர் என்றே யாரும் நினைப்பார்கள். மேடையில் குழுவின் ஆட்ட அசைவுகளை ஆரம்பத்தில் அமைத்தவரும் அவரே. அந்த அசைவுகளை எந்த ஒலிநாடாவும் பிடித்துவைக்கவில்லை. தேடுபவர்களால் ஒருநாளும் மீட்க முடியாத பகுதி அது.

1963 முடிவில் பிரையன்ட் விலக்கப்பட்டார். 1964 ஜனவரியில் டேவிட் ரஃபின் சேர்ந்தார். அவருக்கும் தனிப் பாடகராக அன்னா, செக்மேட் என்ற சிறு லேபிள்களில் விலைபோகாத தட்டுகள் இருந்தன. அந்த ஆண்டு வந்த முதல் ஆல்பமான ‘மீட் த டெம்ப்டேஷன்ஸ்’ உறையில் இருக்கும் முகம் ரஃபினுடையது. உள்ளே ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் ஒலிப்பது பிரையன்ட்டின் குரல். அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும். பிரையன்ட் 1975-இல் இறந்தார். குழு உலகப் புகழ் பெற்ற நாட்களில் அவர் அதில் இல்லை. முழுப்பெயரோடு, தேதியோடு, இன்ன பாட்டில் இன்னார் என்று அவரை மறுபடி பதிவேட்டில் சேர்த்தவர்கள் சேகரிப்பாளர்கள். பழைய டேப் பெட்டிகளின் மேல் ஒட்டிய அட்டைகளையும் இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுத் தாள்களையும் ஒப்பிட்டு வரிவரியாகச் செய்த வேலை அது.

1964 முடிவில் ‘மை கேர்ள்’ வந்தது. 1965 மார்ச்சில் முதலிடம். ராபின்சன் ரஃபினின் குரலை மனத்தில் வைத்து எழுதிய பாட்டு. அன்றோடு குழுவின் தலைக்குரல் யார் என்ற கேள்வி முடிந்துபோயிற்று. பால் வில்லியம்ஸ் தட்டின் மறுபக்கத்துக்குப் போனார். 1965-இல் ‘மை பேபி’க்குப் பின்பக்கமாக வந்த ‘டோன்ட் லுக் பேக்’ அவர் பாடியது. முன்பக்கப் பாட்டுக்குச் சற்றும் குறைந்ததில்லை அது. ஸ்டீவி வொண்டர் உலகறியச் செய்த ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாட்டை 1967-லேயே டெம்ப்டேஷன்ஸ் ஆல்பம் ஒன்றில் பால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பாடியிருக்கிறார். வெளியான பாட்டுகளை மட்டும் கேட்டால் அவர் ரஃபினுக்கும் கென்ட்ரிக்ஸுக்கும் இடையே எப்போதாவது தலைகாட்டுபவர். வெளிவராத நாடாக்களையும் சேர்த்துக் கேட்டால்தான், அவரும் தொடர்ந்து முன்வரிசைக்கு முயன்றுகொண்டே இருந்தவர் என்பது தெரியும்.

இந்த நாடாக்களுக்கு ஏங்கிய முதல் கூட்டம் அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில் இருந்தது. டேவ் காடின் என்ற ஆர்வலர் அங்கே டாம்லா மோட்டவுன் ரசிகர் சங்கத்தைத் தொடங்கினார். 1965-இல் டாம்லா மோட்டவுன் என்ற பெயரிலேயே பிரிட்டிஷ் லேபிளும் வந்தது. வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வார இறுதி இரவு முழுக்க ஆடும் இளைஞர்களுக்கு 1960-களின் வேகமான டெட்ராய்ட் தாளம் பிடித்துப்போயிற்று. அமெரிக்காவில் காலம் மாறி ஃபங்க் வந்த பிறகும் இவர்கள் பழைய தாளத்தை விடவில்லை. புதிதாக யாரும் அப்படிப் பாடாததால், அன்று ஓடாமல் போன தட்டுகளையே புதுப் பாட்டாகத் தேடினார்கள். இதற்கு நார்தர்ன் சோல் என்று பெயரிட்டவரும் காடின்தான். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ ஆகியவை இவர்களின் கோயில்கள்.

அங்கே தட்டு போடுபவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து போய் அமெரிக்கக் கிடங்குகளைக் குடைந்தார்கள். கிடைத்த தட்டு மற்றவர்கள் கையில் சிக்காதிருக்க லேபிளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதி வைத்தார்கள். அப்படி எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் விகனில் ஒலித்த பாட்டு ஒன்று, சேகரிப்பு உலகையே மாற்றியது. ‘டூ ஐ லவ் யூ’ என்ற அந்தப் பாட்டின் உண்மைப் பாடகர் ஃப்ராங்க் வில்சன். 1965-இல் மோட்டவுன் அதை விளம்பரப் பிரதிகளாக அச்சிட்டுவிட்டு அழித்தது. பாடகராக இருக்க விருப்பமா, தயாரிப்பாளராகவா என்று கார்டி கேட்க, வில்சன் இரண்டாவதைத் தேர்ந்தார் என்பார்கள். டெம்ப்டேஷன்ஸும் சுப்ரீம்ஸும் சேர்ந்து பாடிய ‘ஐம் கானா மேக் யூ லவ் மீ’யின் தயாரிப்பாளர்களில் அவர் ஒருவர். அழிவுக்குத் தப்பிய மிகச் சில தட்டுகளில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. பிறகு விலை இன்னும் பல மடங்கு ஏறிவிட்டது.

அந்தத் தொகையைக் கேட்டு வியப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை விலை ஏறியது தேடலுக்குத் தீங்கே செய்தது. தட்டு பாட்டாக இருந்தவரை ஒருவர் மற்றவருக்குப் படியெடுத்துக் கொடுத்தார். சொத்துப் பத்திரமானதும் பீரோவுக்குள் பூட்டினார். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்த நாடு மறந்துபோன பாட்டுகளுக்கு வாங்க ஆள் உண்டு என்று இந்த ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகள் காட்டியதால்தான் நிறுவனங்கள் தங்கள் கிடங்கைத் திரும்பிப் பார்த்தன.

தட்டைத் தேடுவதும் நாடாவைத் தேடுவதும் வேறு வேறு. தட்டு எங்கேயாவது ஒரு பழைய கடையின் மூலையில் கிடக்கலாம். வெளிவராத பாட்டு கிடைக்க வேண்டுமென்றால் நிறுவனமே கதவைத் திறக்க வேண்டும், அல்லது ஓர் அசிடேட் கிடைக்க வேண்டும். அசிடேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் மென்பூச்சுப் பூசி, கேட்டுப் பார்ப்பதற்காக ஒன்றிரண்டு மட்டும் வெட்டும் தட்டு. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் அது தேயும். கேட்கக் கேட்க அழிந்துபோகும் பாட்டு. தரக்கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் ஓடியவை இப்படிப்பட்டவையே.

மோட்டவுன் 1972-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. 1979-இல் ‘ஃப்ரம் த வால்ட்ஸ்’ என்று ஒரு தொகுப்பு வந்தது. 1980-களில் இன்னும் சில. ஆனால் அந்தக் காலத்துக்காரர்கள் பழைய நாடாவை அப்படியே தரத் தயங்கினார்கள். சந்தைக்கு ஏற்ற மெருகு வேண்டும் என்று புது டிரம்ஸ், புது கீபோர்டு சேர்த்தார்கள். மைக்கேல் ஜாக்சன் 1973-இல் பாடிய ‘ஃபேர்வெல் மை சம்மர் லவ்’ 1984-இல் அப்படித்தான் வந்தது. பாலகன் குரல் ஒரு காலம், வாத்தியம் வேறு காலம். 2009-இல் வந்த தொகுப்பில்தான் மூல வடிவம் கேட்கக் கிடைத்தது. பழஞ்சுவடியில் சிதைந்த இடத்தைத் தானே எழுதி நிரப்பும் பதிப்பாசிரியரை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

மாற்றம் 1990-களில் வந்தது. நிறுவனத்தை 1988-இல் கார்டி விற்றிருந்தார். அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் யுனிவர்சலிடம் போய்ச் சேர்ந்தது. ஹாரி வைங்கர் போன்ற தொகுப்பாளர்கள் கிடங்கை ஆய்வாளர் கண்ணோடு அணுகினார்கள். 1994-இல் ‘எம்பரர்ஸ் ஆஃப் சோல்’ என்ற ஐந்து குறுந்தட்டுப் பெட்டி வந்தது, அதில் அதுவரை வெளிவராதவையும் இருந்தன. 1999-இல் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ வரிசையில் டெம்ப்டேஷன்ஸின் 1962 முதல் 1968 வரையான நாடாக்களுக்கென்றே ஒரு தட்டு. என்னைக் கேட்டால், இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள வெற்றிப் பாட்டுத் தொகுப்புக்கு அடுத்து வாங்க வேண்டியது அதைத்தான். பிரிட்டனில் 2002 முதல் ‘எ செல்லர்ஃபுல் ஆஃப் மோட்டவுன்’ வரிசை வந்தது. 2005-இலிருந்து பதினான்கு தொகுதிகளாக மோட்டவுனின் டெட்ராய்ட் காலத்து சிங்கிள் தட்டுகள் எல்லாம் வந்து முடிந்தன. பைரேட்ஸ் தட்டு தன் உண்மையான குடும்பத்தோடு சேர்ந்தது அந்தத் தொகுதிகளில்தான். அயல்மொழி முயற்சிகளும் மீண்டும் கிடைத்தன. ‘மை கேர்ள்’ பாட்டை டெம்ப்டேஷன்ஸ் ஜெர்மனில் ‘மைன் கேர்ள்’ என்று பாடியிருக்கிறார்கள். பொருள் தெரியாத மொழியை ஒலியாக மட்டும் கற்றுப் பாடும்போதும் ரஃபினின் ஏக்கம் குறையவில்லை.

ரஃபினின் முழு ஆல்பம் ஒன்றே பெட்டியில் இருந்தது. 1968-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பிறகு தனியாக இரண்டு ஆல்பங்கள் பாடினார். அடுத்து பாடிய ‘டேவிட்’ 1971 வாக்கில் தயாராகியும் வெளிவரவில்லை. 2004-இல் அது வந்தபோது அவர் இறந்து பதின்மூன்று ஆண்டாகியிருந்தது. இதைப் பெட்டியில் வைத்ததற்கு இசை சார்ந்த காரணம் எதுவும் எனக்குக் காதில் படவில்லை. ஜாக்சன் ஃபைவ் சிறுவர்கள் துள்ளிப் பாடிய ‘ஐ வான்ட் யூ பேக்’ பாட்டை எடுத்து, வளர்ந்த ஆண் ஒருவனின் மன்றாடலாக மாற்றியிருக்கிறார். பெட்டிகளைத் திறந்ததற்கு இந்த ஓர் ஆல்பம் போதும்.

பெட்டிகள் திறந்ததற்கு அன்பு மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டியது. பதிவாகி 50 ஆண்டுக்குள் வெளியான பாட்டுக்கே அந்த நீட்டிப்பு. வெளியிடாமல் வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. பாப் டிலனின் பழைய நாடாக்கள் 2012-இல் ஏறக்குறைய நூறு பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தன. பீட்டில்ஸின் 1963-ஆம் ஆண்டு நாடாக்கள் 2013 டிசம்பரில் இணையத்தில் வந்தன. மோட்டவுனும் 1962, 1963 என்று ஆண்டுவாரியாகப் பெயரிட்டு வெளிவராத பாட்டுகளைக் கொத்துக் கொத்தாக, பெரும்பாலும் ஆண்டு முடியும் தருவாயில், விட்டது. குறிப்புரை இல்லை, உறைப்படம்கூடப் பெயருக்குத்தான். நாற்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் விருந்து. அமெரிக்காவிலோ இந்த 1960-களின் பதிவுகளை 2018-இல் வந்த சட்டம் 2067 பிப்ரவரி வரை பூட்டிவைத்திருக்கிறது. டெட்ராய்ட்டில் பாடிய பாட்டை விடுவித்தது ஐரோப்பியச் சட்டம்.

நாடாக்கள் அதுவரை காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. 1970-களில் தயாரான சில வகை டேப்களின் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து உலர்த்தினால்தான் ஒருமுறையாவது ஓட்டிப் படியெடுக்க முடியும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. டெக்கா, செஸ், ஏபிசி போன்ற நிறுவனங்களின் மூல நாடாக்கள் பெருமளவில் அதில் எரிந்துபோயின என்று 2019-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இழப்பு அவ்வளவு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. கணக்கு எதுவானாலும், பதினோரு ஆண்டு அதைப் பற்றிப் பாடியவர்களுக்கே சொல்லப்படவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது.

பாடியவர்கள் என்றதும் மீதமிருக்கும் கேள்வி முன்னே வந்து நிற்கிறது. ‘மை கேர்ள்’ பாடிய ஐவரில் பால் 1973-இலும், ரஃபின் 1991-இலும், கென்ட்ரிக்ஸ் 1992-இலும், ஃப்ராங்க்ளின் 1995-இலும் இறந்தார்கள். 1999-இல் அந்த நாடாக்கள் தனித் தட்டாக வந்தபோது ஓடிஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான் மிச்சம். மற்றவர்களை யார் கேட்டது? பாடகர் சரியாக வரவில்லை என்று ஒதுக்கிய டேக்கை, அவர் இறந்த பிறகு விற்பது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தாளரின் கிழித்துப்போட்ட தாளை ஒட்டி அச்சடிப்பது போல என்பார்கள். மோட்டவுன் விஷயத்தில் அந்த ஒப்புமை பொருந்தவில்லை. இங்கே தாளைக் கிழித்தவர் எழுதியவர் அல்ல. பாட்டைப் பெட்டிக்குள் போட்டது கூட்டத்தின் வாக்கு, முதலாளியின் கணக்கு. பாடகர் வாசலுக்கு வெளியே நின்றார். ஒலிப்பதிவுச் செலவைக் கலைஞரின் ராயல்டியில் கழிப்பது அன்றைய வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நாடாக்களுக்கு அவர்கள் தங்கள் உழைப்பைக் கொடுத்தவர்கள். அந்த உழைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வரும்போது யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள், எந்த நாள் என்ற குறிப்போடு வர வேண்டும். அவர்களுடைய வாரிசுகளுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரும்வரை ஃபங்க் பிரதர்ஸின் பெயர்கள் மோட்டவுன் ஆல்பங்களில் பெரும்பாலும் அச்சானதில்லை. குறிப்பில்லாமல் கொட்டிய ஆண்டு இறுதித் தொகுப்புகள் அதே தவறைத் திரும்பச் செய்தன.

பால் வில்லியம்ஸின் கடைசி நாடாக்கள் மட்டும் எனக்கு இந்த உறுதியைத் தருவதில்லை. 1960-களின் முடிவில் குடியும் நோயும் சேர்ந்து அவர் உடலைத் தளர்த்தின. மேடையில் ஆட முடிந்தது, பாட மூச்சுப் போதவில்லை. அவர் வாயசைக்க, திரைக்குப் பின்னால் இன்னொருவர் நின்று அவர் பகுதிகளைப் பாடினார். அந்த இன்னொருவர் ரிச்சர்ட் ஸ்ட்ரீட், டிஸ்டன்ட்ஸின் முதல் தட்டில் முதன்மைக் குரல் கொடுத்தவர். 1971-இல் பால் விலகியதும் ஸ்ட்ரீட் முறைப்படி அந்த இடத்துக்கு வந்தார். குழுவின் பதிவு வரலாற்றில் முதலில் கேட்ட குரல் பத்தாண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது, அதுவும் நண்பர் ஒருவரின் இடத்தை நிரப்ப.

1973 தொடக்கத்தில் பால் மறுபடி பாட வந்தார். தனிப் பாடகராக இரண்டு பாட்டுகள் பதிந்தார்: ‘ஃபீல் லைக் கிவ்விங் அப்’, ‘ஒன்ஸ் யூ ஹேட் எ ஹார்ட்’. ஒரே தட்டின் இரு பக்கங்களாக வர இருந்தவை. ஆகஸ்ட் 17 அன்று டெட்ராய்ட்டில், மோட்டவுன் தொடங்கிய அந்த வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி, தம் காருக்கருகே இறந்து கிடந்தார். வயது 34. தற்கொலை என்று அதிகாரபூர்வமாக முடிவு செய்தார்கள். தோற்றுப்போன மனத்தைப் பற்றிய பாட்டை அதன்பின் எப்படி விற்பது? நிறுவனம் அதைப் பெட்டிக்குள் வைத்தது. இந்த ஒருமுறை அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆண்டுகள் பல கழித்து இரண்டு பாட்டுகளும் தொகுப்புகளில் வந்தன. கேட்கலாமா வேண்டாமா என்று நெடுநாள் தள்ளிப்போட்டுவிட்டு ஒருநாள் கேட்டேன். அதில் பாடுவது அவரேதான். திரைக்குப் பின்னால் யாரும் இல்லை.